நீலப் படிகமும் ஸ்டீல் ஸ்பேச்சுலாவும்

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் புட்டி என் கைக்கு வந்தது. காப்பர் பெர்குளோரேட் ஹெக்ஸாஹைட்ரேட். மயில்துத்தத்தைவிடச் சற்று வெளிறிய நீலம். மூலக்கூறு எடை 370.5 என்பதால், ஒரு மில்லிமோலுக்கு 370 மில்லிகிராம் நிறுக்கச் சொன்னார்கள். நிறுத்துவிட்டு நோட்டில் எழுதத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் 371. கொஞ்ச நேரத்தில் 373. தராசு கெட்டுவிட்டது என்று சீனியர் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"தராசு நல்லாத்தான் இருக்கு. உப்பு தண்ணி குடிக்குது. முதல்ல புட்டிய மூடு" என்றார். ஐப்பசி மாதம், வெளியே அடைமழை.

காப்பர் சல்ஃபேட் மலிவாகக் கிடைக்கும்போது இந்தத் தொல்லை பிடித்த உப்பு எதற்கு? குளோரைடும் சல்ஃபேட்டும் காப்பரைப் பிடித்துக்கொண்டு விடாது. பெர்குளோரேட்டில் நடுவே ஒரு குளோரின், சுற்றிலும் நான்கு ஆக்சிஜன். இருக்கிற ஒரே ஒரு எதிர்மின்சுமையும் நான்கின் மேலும் பரவிக் கிடக்கிறது. அதனால் அது பெரும்பாலும் காப்பரோடு ஒட்டாது. நாம் தயாரித்த லிகண்டை, அதாவது காப்பரோடு பிணைகிற மூலக்கூறைப் போட்டால், காப்பரைச் சுற்றியுள்ள ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் விலகி வழிவிடும். பெர்குளோரேட் கல்யாண வீட்டுத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஓரமாக நிற்கும். மெத்தனால், அசிட்டோநைட்ரைல், அசிட்டோன் எதிலும் கரையும், படிகமும் அழகாக வரும். ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால் 1100 cm⁻¹ பக்கத்தில் ஒரே அகலமான பட்டை தெரியும். அது பிளந்திருந்தால் சொந்தக்காரர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார், அதாவது காப்பரோடு சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒருமுறை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து வினை செய்தேன். பளபளவென்று வெள்ளைப் படிகம் வந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். "காப்பர் இருந்தா நிறம் இருக்காதா தம்பி?" என்று மட்டும் கேட்டார் சார். அது பொட்டாசியம் பெர்குளோரேட். அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரிலேயே ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் கரையும், மெத்தனாலில் அதைவிடக் குறைவு. பட்டாசு மருந்தில் போடுகிற அதே சரக்கு. அதன்பின் பொட்டாசியம் இல்லாத காரமான டிரைஎத்தில்அமீனுக்கு மாறினேன்.

புட்டியின் லேபிளில் வட்டத்தின் மேல் தீ எரியும் படம் இருக்கும், ஆக்சிஜனேற்றி என்று பொருள். ஆனால் காப்பர் அளவைக் கண்டுபிடிக்க அயோடைடு போட்டுத் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்தால், அயோடைடை ஆக்சிஜனேற்றுவது காப்பர் மட்டும்தான். குளிர்ந்த கரைசலில் பெர்குளோரேட் அதைச் சீண்டுவதே இல்லை. இந்தச் சாதுத்தனம்தான் என்னை ஏமாற்றியது.

இரண்டாம் ஆண்டு. நைட்ரஜன் லிகண்ட் ஒன்றின் காப்பர் பெர்குளோரேட் காம்ப்ளெக்ஸ், அதாவது லிகண்ட் காப்பரோடு பிணைந்த உப்பு. வடிகட்டி, அடியில் நுண்துளைத் தட்டு உள்ள சின்டர்டு கண்ணாடிக் குரூசிபிளிலேயே நன்றாகக் காய வைத்திருந்தேன். 100 மில்லிகிராம் இருக்கும். அடியில் ஒட்டிக்கொண்டது. ஸ்டீல் ஸ்பேச்சுலாவால் சுரண்டினேன்.

பொட்டு வெடி மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். சின்டர் தட்டு மூன்று துண்டாகியிருந்தது, கண்ணாடித் தூள் பாதுகாப்புக் கண்ணாடியில் படிந்திருந்தது, காது ரீங்கரித்தது. விரலில் சின்னக் கீறல். அக்கா ஓடி வந்து முதலில் கண்ணைத்தான் பார்த்தார்.

நீர் சூழ்ந்த அந்த நீல உப்பு வேறு, நான் செய்தது வேறு. தண்ணீர் இருந்த இடத்தில் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட லிகண்டை வைத்தேன். பக்கத்திலேயே ஆக்சிஜனேற்ற எண் +7 வரை ஏறிய குளோரின். எரிபொருளும் அதை எரிக்கிற ஆக்சிஜனும் ஒரே படிகத்துக்குள். ஒரு உரசல் போதும்.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் கட்டுரைக்குச் செய்முறைப் பகுதியைத் தட்டச்சு செய்திருந்தேன். "பெர்குளோரேட் உப்புகள் வெடிக்கக்கூடியவை, சிறு அளவில் கவனமாகக் கையாளவும்" என்ற வரி அதில் உண்டு. பழைய கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் எல்லாம் மாறியது. ஒரு தடவைக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் செய்வதில்லை. சூடாக்கிக் காய வைப்பதில்லை. பிளாஸ்டிக் கரண்டிதான், அதுவும் தடுப்புக்குப் பின்னால். ஐ.ஆர். எடுக்கக் கல்வத்தில் போட்டு அரைப்பதையும் விட்டோம். முடிந்த இடங்களில் பெர்குளோரேட்டுக்குப் பதில் டெட்ராஃப்ளூரோபோரேட் உப்புக்கு மாறினோம். படிகம் அவ்வளவு நன்றாக வராது, சரி, போகட்டும்.

உடைந்த குரூசிபிளை அக்கா கழுவி என் மேசையில் வைத்துவிட்டார். அதில் பேனா போட்டு வைத்திருந்தேன். அடி கிடையாது என்பதால், தூக்கும்போதெல்லாம் பேனாக்கள் மேசையிலேயே நின்றுவிடும்.