சென்னையில் பார்த்த அந்தத் தாய்

போன கிழமை சென்னையால் வந்தேன். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வர, மருமகன் கேட்டான்: “மாமா, இந்தியா நல்லா முன்னேறிட்டுதாமே?”

ஓம் என்றுதான் சொன்னேன். 1991இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட நாடு, 2022இல் பொருளாதார அளவில் பிரித்தானியாவையே முந்தியது. அதே ஆண்டு நாங்கள் எரிபொருளுக்கு இரவிரவாக வரிசையில் நின்றபோது, ஏறத்தாழ 400 கோடி டொலர் தந்து தாங்கியதும் அவர்கள்தான். அதை மறக்க முடியாது.

ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு புதுக் கட்டடம் எழும்புகிறது. பிள்ளையை மரக்கிளையில் கட்டிய சேலை ஏணையில் போட்டுவிட்டு, ஒரு தாய் தலையில் கல் சுமந்து மேலே ஏறினாள். பிள்ளை அழும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள். இறங்கி வர முடியவில்லை. வடக்கத்திப் பெண், தமிழ் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் வெறும் சோறும் ஊறுகாயும்.

வளர்ச்சி பெரும்பாலும் மென்பொருள், வங்கி போன்ற துறைகளில் வந்தது. அங்கே படித்த கொஞ்சப் பேருக்குத்தான் வேலை. உழைப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இன்னும் விவசாயத்தில். அந்த வருமானம் போதாமல்தான் இப்படிக் கட்டட வேலைக்கு வருகிறார்கள். 2022-23இல் நாட்டு வருமானத்தில் 22.6 வீதம் மேல்தட்டு 1 வீதத்தினருக்குப் போனதாக உலக சமத்துவமின்மை ஆய்வகம் கணக்கிட்டது. சுமார் 81 கோடிப் பேருக்கு அரசு இலவசத் தானியம் கொடுக்கிறது.

இதெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பிள்ளை பிறகு பள்ளிக்கூடம் போகுமோ மாமா?”