மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் ஏன்? விடை எழுதும் முறையும் வம்சாவளிப் படக் கணக்கும்

"விந்தணுவின் வால் முட்டைக்கு வெளியே நின்றுவிடுகிறது, அதனால் அப்பாவின் மைட்டோகாண்ட்ரியா வருவதில்லை." பிளஸ் டூ, நீட் படிக்கும் பலர் இதைத்தான் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள். செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா விந்தணுவில் இருப்பது நடுப்பகுதியில், அதன் மையத்தில் ஓடும் அச்சு இழையைச் சுற்றிச் சுருளாக. படம் வரையும்போது தலைக்கும் வாலுக்கும் நடுவே அந்தச் சுருளைத் தெளிவாகக் காட்டிப் பெயர் குறியுங்கள். அடுத்தது, மனிதனிலும் பெரும்பாலான பாலூட்டிகளிலும் நடுப்பகுதியும் வாலும் முட்டைக்குள் போய்விடுகின்றன. ஆக, அப்பாவின் மைட்டோகாண்ட்ரியா வராமல் இல்லை. வந்த பிறகு அழிக்கப்படுகிறது.

விடையை எண்ணிக்கையில் தொடங்குங்கள். விந்தணுவில் ஏறத்தாழ 50 முதல் 75 மைட்டோகாண்ட்ரியா. முட்டையிலோ மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக உள்ள டிஎன்ஏ மட்டும் லட்சம் பிரதிகளுக்கு மேல். ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணமென்றால் அப்பாவின் டிஎன்ஏ கொஞ்சமாவது மிஞ்ச வேண்டுமே? அதனால் அழிப்பு முறையையும் எழுதினால்தான் விடை முழுமையாகும். விந்தணு உருவாகும்போதே அதன் மைட்டோகாண்ட்ரியா மீது யுபிகுயிட்டின் என்ற புரதம் ஒட்டிக்கொள்கிறது. முட்டை அந்த அடையாளத்தைக் கண்டு அவற்றைச் சிதைக்கிறது. 1999-இல் மாட்டின் கருவில் இதைக் காட்டினார்கள். மனிதனின் முதிர்ந்த விந்தணுவில் முழுமையான மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவே இல்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது.

சரியா தவறா கேள்வியில் ஒரு பொறி உண்டு: "மைட்டோகாண்ட்ரிய நோய்கள் எல்லாமே தாய்வழி வருபவை." தவறு. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். அவற்றில் புரதம் தருபவை 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உட்கரு மரபணுக்களிலிருந்து வருகின்றன. அங்கே கோளாறு என்றால் அப்பாவிடமிருந்தும் வரலாம்.

வம்சாவளிப் படம் (குடும்பத்தில் யாருக்கு நோய் என்று தலைமுறை வாரியாகக் காட்டுவது) கொடுத்தால் முதலில் நோயுள்ள ஆண்களைத் தேடுங்கள். அம்மா நலமாக இருந்து, நோயுள்ள அப்பாவின் ஒரு பிள்ளைக்கு அதே நோய் வந்திருந்தாலே மைட்டோகாண்ட்ரிய வழி என்பதை அடித்துவிடலாம். பிறகு நோயுள்ள பெண்களைப் பாருங்கள். பாடக் கணக்கில் அவர்களுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், மகன் மகள் வேறுபாடின்றி, நோய் இருக்கும். நிஜத்தில் ஒரே செல்லில் நல்ல மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் பழுதானதும் கலந்திருக்கலாம். முட்டை உருவாகும்போது எந்த விகிதத்தில் பிரிகிறது என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளைக்குக் கடுமையாகவும் இன்னொன்றுக்கு லேசாகவும் வரும்.

லீபர் பார்வை நரம்பு நோயில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பழுதால் வருவது; ஆனால் அதில் பார்வை இழப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் எக்ஸ் குரோமோசோம் நோய் என்று எழுதிவிடுகிறார்கள். நோயுள்ள ஆணின் மகள் வழிப் பேரன்களைப் பாருங்கள். எக்ஸ் வழி ஒடுங்கு நோயென்றால் அந்த மகள் கட்டாயம் பழுதான மரபணுவைச் சுமந்து கடத்துபவள். அவளுடைய ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. லீபர் நோயென்றால் அந்தக் கிளையில் நோய் அந்த ஆணோடு நின்றுவிடும்.