மந்தைவெளி வீட்டில் எம்ஜிபிக்கு இன்ஜின் ஏற்றிய வேலை

கிண்டி பக்கம் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் பல வருஷமாக இன்ஜின் வேலைதான் பார்க்கிறேன். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கிளட்ச் மாற்ற இவ்வளவு, ஹெட் கேஸ்கெட் மாற்ற இவ்வளவு என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். வண்டிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் வேறு மாதிரி நடத்தவும் முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மந்தைவெளியில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் 1965 மாடல் எம்ஜிபி கார் ஒன்றுக்கு ஓவர்ஹால் செய்த இன்ஜினை ஏற்றிய பிறகு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. அந்த மாதிரி இன்ஜின் நீடித்து ஓடுமா ஓடாதா என்பது, அதைப் பொருத்துகிறவருக்கு எவ்வளவு நிதானம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

எம்ஜிபி 1962லிருந்து 1980 வரை இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். சென்னையில் அதைப் பார்ப்பது அரிது. ஆனால் அதன் இன்ஜின் நமக்குப் புதிதே இல்லை. பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்ற அதே குடும்பத்து இன்ஜின்தான் நம் ஊர் அம்பாசடரில் பல வருஷம் ஓடியது. அம்பாசடரில் 1489 சிசி, எம்ஜிபியில் 1798 சிசி. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸியாக நின்ற அம்பாசடரின் வால்வு கவரைத் திறந்து பார்த்தவருக்கு எம்ஜிபியின் வால்வு கவருக்குள் ஆச்சரியப்பட எதுவும் இருக்காது. அதனால்தான் திருவல்லிக்கேணியில் வாழ்நாள் முழுக்க அம்பாசடர் பார்த்த ஒரு பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டேன். நான் அவரை அண்ணே என்பேன், அவருக்கு நான் தம்பி. வண்டி ஓனர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் இருவருக்கும் சார்.

முதல் நாள் சார் போர்ட்டிகோவில் இருந்த ஊஞ்சல் கொக்கியைக் காட்டி, இதில் செயின் பிளாக் (கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டலாமே என்றார். நாலு பேர் உட்கார்ந்து ஆடிய கொக்கி என்று சொன்னார். அண்ணன் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, "வேணாம் சார், மனுஷன் கனம் வேற, இன்ஜின் கனம் வேற" என்றார். கியர்பாக்ஸோடு சேர்த்தால் 200 கிலோ பக்கம் வரும், அதுவும் சாய்த்து இழுக்கும்போது ஒரே புள்ளியில் விழும். ஊஞ்சலில் கனம் எல்லாக் கொக்கிகளுக்கும் பிரிந்து போகும். பழைய வீட்டு மேல்தளத்தை நம்பி அதைச் செய்யக் கூடாது. புதுப்பேட்டையில் தெரிந்த ஒருவரிடம் இன்ஜின் கிரேனை வாடகைக்கு எடுத்து வந்தோம். வீட்டில் வேலை செய்ய நினைக்கிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் தூக்குவதில் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஸ்பானர். இந்த வண்டியின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. இப்போதைய பட்டறைகளில் மில்லிமீட்டர் செட் மட்டும்தான். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும், துரு ஏறிய நட்டின் முனை உருண்டுவிடும். அண்ணன் தன் அங்குல ரிங் ஸ்பானர்களை எண்ணெய் தடவிய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தன் கருவியை அப்படி வைத்திருக்கிற ஒருவரோடு வேலை செய்யக் கிடைப்பதே ஒரு மரியாதை.

பழைய இன்ஜினை இறக்கியது பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பானட், ரேடியேட்டர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நாலு போல்ட், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. இரண்டு விஷயம் மட்டும். கியர்பாக்ஸ் ஆயிலை முதலிலேயே வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாய்க்கும்போது வால் பக்கமாக மொத்தமும் தரையில் ஊற்றிவிடும். டேஷ்போர்டில் உள்ள தண்ணீர் சூடு காட்டும் மீட்டருக்கு மெல்லிய குழாய் ஒன்று இன்ஜின் வரை வரும். அது ஒயர் இல்லை, உள்ளே திரவம் அடைத்த குழாய். முறுக்கினால் மீட்டர் போச்சு.

புது இன்ஜின் என்று நான் சொல்வது சார் வேறு வண்டியிலிருந்து வாங்கி வைத்திருந்த அதே வகை பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடல். அம்பத்தூர் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் போர் வேலை (சிலிண்டரைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டைச் சாணை பிடிப்பது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பை மட்டமாக்குவது) எல்லாம் முடித்து, கிராங்கும் பிஸ்டனும் பூட்டியே கொடுத்திருந்தார்கள். பிளாக் மாறினால் இன்ஜின் நம்பர் மாறும். ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தில் 52வது பிரிவு அதற்குத்தான். சார் அந்தப் பேப்பர் வேலையை முன்கூட்டியே ஆரம்பித்துவைத்திருந்தார். பழைய வண்டிக்காரர்கள் நிறையப் பேர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கும் சாருக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் அடியில் உள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றி, கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் கேப்களைத் திறந்து, கிராங்கையே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "அவங்க எல்லாம் க்ளீன் பண்ணித்தானே குடுத்திருக்காங்க, பில்லுல எழுதியிருக்கே" என்றார். அவர் கேட்டது நியாயம். பணம் கொடுத்துச் செய்த வேலையைத் திரும்பப் பிரிப்பது யாருக்கும் பிடிக்காது. எங்கள் சர்வீஸ் சென்டரில் இதை நான் கேட்கவே முடியாது, கம்பெனியே புதுப்பித்து அனுப்பும் ரீமேன் இன்ஜின் பெட்டியில் வந்தால் அப்படியே ஏற்ற வேண்டியதுதான், பிரிப்பதற்கு நேரம் எழுதியிருக்காது. இங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அண்ணனும் என் பக்கம் பேசினார், சார் சரி என்றார்.

கிராங்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான இடத்துக்கு ஜர்னல் என்று பெயர். மெயின் ஜர்னலிலிருந்து, பிஸ்டன் கம்பி மாட்டும் பிக் எண்ட் ஜர்னலுக்கு ஆயில் போக உள்ளே சாய்வாகத் துளைகள் இருக்கும். கிரைண்டிங் கல்லில் இருந்து வரும் தூள், கூலண்ட் தண்ணீரோடு சேர்ந்து அந்தத் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது வராது, நீள பிரஷ் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷை விட்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றிருக்கிறது. முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர் ஏறியதும் நேராக பேரிங்குக்குள் போகிற பொருள் அது. பேரிங்கின் மேல்பூச்சு மென்மையான உலோகம், அந்தத் தூள் அதில் பதிந்துகொண்டு ஜர்னலை அரம் போலத் தேய்க்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் சத்தம் வந்து, ஆயில் சரியில்லை, ஓட்டியது சரியில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருப்போம்.

பிரஷ்ஷைத் துடைத்த துணியை சார் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிளாக்கின் மெயின் ஆயில் கேலரி (ஆயில் ஓடும் நீளத் துளை) அடைப்புகளையும் கழற்றி, துணியில் கறை வராத வரைக்கும் கழுவினோம். மெஷின் ஷாப்காரரிடம் நான் போனில் சொன்னேன், சண்டையாகச் சொல்லவில்லை. அடைப்பைக் கழற்றிக் கழுவச் சொல்லி யாரும் கேட்பதில்லை, கேட்டால் செய்கிறோம் என்றார். அளவு வேலை அவர்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்துப் பார்த்ததில் மெயின் பேரிங் இடைவெளி எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் 2 பங்கை ஒட்டியே இருந்தது. ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பதை அவமானம் என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அது போக வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன். என் வேலையையும் யாராவது பார்த்தால் எனக்கு நிம்மதிதான்.

கழுவியதும் இன்னொரு அவசரம் உண்டு. மந்தைவெளியில் கடல் காற்று. புதிதாக போர் செய்த சிலிண்டர் சுவரில் எண்ணெய் இல்லாமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். கழுவிய ஈரம் காய்ந்த கையோடு ஆயில் தடவி, பிளாஸ்டிக் பை போட்டு மூடினோம்.

திரும்பப் பூட்டும்போது அண்ணன் வால்வு இடைவெளி (வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் சந்து) செட் செய்ததை நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். 8 வால்வு உள்ள இன்ஜினில் 9 கணக்கு என்று ஒன்று உண்டு. 8வது வால்வு முழுக்கத் திறந்திருந்தால் 1வதை செட் செய்யலாம், 6வது திறந்திருந்தால் 3வது. கூட்டினால் 9 வர வேண்டும், அவ்வளவுதான். இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை உள்ளே விட்டு இழுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார், விரலில் வரும் பிடிப்புதான் கணக்கு. ஸ்கேனர் மாட்டிக் கோளாறு பார்க்கிற என் தலைமுறைக்கு அந்த விரல் வாய்க்கவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கியர்பாக்ஸைத் தரையிலேயே இன்ஜினோடு சேர்த்தோம். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த பல்வரி உள்ள ஸ்ப்லைன் ஷாஃப்ட் வேண்டும், சேர்க்கும்போது கியர்பாக்ஸ் கனம் பிளேட்டில் தொங்கக் கூடாது. கிளட்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இந்த வண்டியில் கிராஃபைட், உருளை பேரிங் கிடையாது, அதனால் சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கக் கூடாது என்று சாரிடம் சொன்னேன். அடையாறு சிக்னலை நினைத்தோ என்னவோ அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஏற்றி முடித்ததும் அண்ணன் முதலில் தேடியது எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் அந்தப் பட்டைதான் மின்தொடர்பு. அதை மறந்து ஸ்டார்ட்டர் போட்டால் அவ்வளவு கரண்டும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் போய்க் கேபிளை எரித்துவிடும். இந்த மாடலில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும், சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, அதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தோம்.

முதல் ஸ்டார்ட் பற்றி எல்லோருக்கும் சொல்ல ஆசை. வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம் ஷாஃப்ட், அதன் முனைகள் தள்ளும் சிறு உருளைகள் டாப்பட். இது தட்டை டாப்பட் இன்ஜின், கேம் ஷாஃப்டும் புதிது. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. நேராக 2000 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோய் 20 நிமிஷம் 2500க்குள் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கிராங்க் வேகமாகச் சுற்றித் தெறிக்கும் ஆயில்தான் கேம் மேல் விழுகிறது, மெதுவாக ஓடினால் அது போதாது, கேம் முனை முதல் நாளே தேய ஆரம்பித்துவிடும். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ளது, ஏனென்றால் புது கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். ஆயில் பம்பில் முன்பே வாஸ்லின் அடைத்துத்தான் பூட்டினோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றினோம், ஆயில் பிரஷர் மீட்டரில் முள் எழுந்த பிறகுதான் பிளக் போட்டோம். அண்டை வீடுகளில் சார் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நிற்கிற வண்டி, வெயில் வேறு, ரேடியேட்டர் முன்னால் வீட்டு பெடஸ்டல் ஃபேனை வைத்தோம்.

பிடித்தது. அண்ணன் ஆக்சிலரேட்டரைப் பார்த்துக்கொண்டார், நான் டார்ச்சோடு கீழே, சார் மீட்டர் படித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ பக்கத்தில் அசையாமல் நின்றது. டாப்பட் சைடு கவரில் ஒரு கசிவு, அதை ஓடும்போதே இறுக்கினால் தகடு வளைந்துவிடும், ஆறிய பிறகு வேறு கார்க் பேக்கிங் போட்டோம்.

500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மறுபடி இறுக்கி, வால்வு செட் செய்து, ஆயில் வடித்தோம். வடித்த ஆயிலில் காந்தம் விட்டுப் பார்த்தேன், மெல்லிய கருந்தூள் மட்டும்தான், புது ரிங் பதிகிறபோது வருவது. இப்போது சார் முதல் கியர் கரகரப்பைப் பற்றிக் கேட்கிறார். அந்தக் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, 1967 கடைசியில்தான் வந்தது. வண்டி முழுக்க நின்ற பிறகு முதல் கியர் போடுங்கள், அப்போதும் சத்தம் வந்தால் கிளட்ச் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.