நாயை ஜெர்மனிக்குக் கூட்டிப் போக: டிக்கெட் கடைசி, சிப் முதல்

கணவருக்கு ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் வேலை கிடைத்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "சிட்டுவ யார்கிட்ட விட்டுட்டுப் போகப் போறீங்க?" என்பதுதான். சிட்டு, தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாய். விட்டுவிட்டுப் போகும் எண்ணமே எங்களுக்கு இல்லை. கடைசியில் விசா, வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும்விட அவளுடைய காகிதங்கள்தான் அதிக நாள் இழுத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முக்கியக் கவலை ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய். பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ போன்ற மற்ற நோய்களுக்கான கூட்டு ஊசியை அவர்கள் கட்டாயமாகக் கேட்பதில்லை (அதற்காகப் போடாமல் விட்டுவிடாதீர்கள்). ஆனால் ரேபிஸுக்கு மட்டும் ஒரு கறாரான வரிசை இருக்கிறது. முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் ஏற்றும் அடையாள எண். அதற்குப் பிறகுதான் ஊசி, நாய்க்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து, எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. இதில் ஏதாவது ஒன்று முன்னே பின்னே ஆனால் செல்லாது.

வருடா வருடம் தவறாமல் ஊசி போட்ட அட்டை எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் நேரே மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், அதன்மேல் பாதி ஏறிய ரப்பர் முத்திரை. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க மேடம். ஆனா இது இந்த நாய்க்குப் போட்டதுதான்னு எப்படிக் காட்டுவீங்க?" என்றார். அட்டையில் இருந்தது பெயர் சிட்டு, நிறம் பழுப்பு, அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே அந்த நிறத்தில் அரை டஜன் திரிகின்றன. சிப் எண்ணோடு சேராத ஊசி கணக்கில் வராது.

சிப் அரிசி மணி அளவுதான், ஆனால் அதை ஏற்றும் ஊசி நன்றாகவே தடிமன். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து இறக்கினார்கள். போடுவதற்கு முன்னும் பின்னும் ஸ்கேனரை ஓட்டி, 15 இலக்க எண் திரையில் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரச் சிப்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே ஊசியும் போட்டுவிடலாம் என்றுதான் போனோம். ஆனால் டாக்டர் சிட்டுவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தவர், வெளுத்திருக்கிறதே என்று ரத்தம் எடுத்தார். எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டாக்சிசைக்ளின் 28 நாள், அதுவரை ரேபிஸ் ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார். என் கணவர் போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தார். சீக்கில் இருக்கும் உடம்பு ஊசியைச் சரியாக வாங்கிக்கொள்ளாது என்பது டாக்டரின் பதில். அது நியாயம்தான்: எதிர்ப்பு சக்தி போதாமல் ரத்தப் பரிசோதனையில் தோற்றால், ஊசியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை குமட்டும், பால், தயிரோடும் கொடுக்கக் கூடாது. தயிர்சாதப் பிரியைக்கு ஒரு மாதம் கோழிச் சாதம்.

பரிசோதனைக்கு ரத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை மட்டும் சின்னக் குழாயில் எடுத்து, சிப் எண்ணை ஒட்டி, ஐஸ் பேக்கோடு அனுப்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகமாக இருக்க வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியில் உள்ள கீசன் பல்கலைக்கழக ஆய்வகம். சீரத்தை உயிருள்ள ரேபிஸ் வைரஸோடு கலந்து, வைரஸை எந்த அளவுக்கு முடக்குகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது வேண்டும். சிட்டுவுக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. பழைய ஊசிகள் சட்டத்துக்குத்தான் கணக்கில்லை, உடம்பு மறக்கவில்லை. முதல் தடவையாக ஊசி போடும் குட்டியென்றால் இரண்டாவது டோஸும் போட்டுவிட்டு ரத்தம் எடுப்பது நல்லது என்றார் டாக்டர்.

பாஸ் ஆன பிறகும் எதற்கு 3 மாதம்? ஏற்கனவே ரேபிஸ் தொற்றிய நாயாக இருந்தால் அதற்குள் நோய் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் கணக்கு. இந்த இடத்தில்தான் ஒரு ஏஜென்ட் போன் செய்து, "காத்திருக்காம அனுப்ப வழி இருக்கு" என்றார். கேட்காதீர்கள். அங்கே இறங்கியதும் தேதிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள். இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் கருணைக்கொலை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்த மாதங்களை நாங்கள் கூண்டுப் பழக்கத்துக்குச் செலவிட்டோம். எழுந்து நிற்கவும் திரும்பவும் இடமுள்ள கூண்டு. அதற்குள் வைத்துத்தான் சாப்பாடு.

கடைசி வாரம்தான் உண்மையான ஓட்டம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கையெழுத்தான 10 நாளுக்குள் ஐரோப்பாவில் இறங்கியாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. படிவம் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இருக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் அச்சின் நிறத்தில் இருக்கக் கூடாது, நீல மை என்றால் வம்பில்லை. இன்னொன்று, உரிமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் 5 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. கணவர் முன்பே போய்விட்டதால் உரிமையாளர் என்று என் பெயரைப் போட்டோம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் சிப்பை ஸ்கேன் செய்து, எண்ணை ஒவ்வொரு காகிதத்தோடும் விரல் வைத்து ஒப்பிட்டார்கள். பழைய அட்டையை யாரும் கேட்கவே இல்லை.

தரைவாழ் விலங்குகளின் ரேபிஸ் இல்லாத நாடாக ஜெர்மனி 2008-ல் அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்து வைத்த இரையை விமானத்திலிருந்து காடுகளில் போட்டு நரிகளுக்கே நோய் வராமல் செய்திருக்கிறார்கள். இங்குள்ள டாக்டர் சிட்டுவுக்கு நீல நிற பெட் பாஸ்போர்ட் கொடுத்து, மறுபடி ஒரு உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையும் எழுதினார். நகராட்சியில் நாய் வரியும் கட்டியாயிற்று. ரத்தப் பரிசோதனை முடிவின் அசலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியைக் கெடு முடிவதற்குள் போட்டுக்கொண்டே வந்தால் அது ஆயுளுக்கும் செல்லும்; ஒரு நாள் தவறினாலும், ஊருக்கு வந்துவிட்டு ஜெர்மனி திரும்புவதற்கு மறுபடி ஊசி, 30 நாள், 3 மாதம்.