சண்டையிடத் தயங்கும் நுரையீரல்

நோய் எதிர்ப்பு ஆற்றல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொரோனாக் காலத்தில் விற்பனையான பொடிகளும் கஷாயங்களும் அந்த நினைப்பை இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டன. நுரையீரலைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு இதற்கு நேர்மாறான எண்ணமே வலுப்படுகிறது. அங்கே உயிரைக் காப்பது எதிர்ப்பின் வேகம் மட்டுமல்ல. எப்போது தாக்குவது, எப்போது அடங்குவது என்பதை அங்குள்ள எதிர்ப்புச் செல்கள் சரியாக அறிந்திருப்பதும்தான்.

காரணம் நுரையீரலின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சு கடைசியாகச் சென்று சேரும் காற்றுப்பைகள் 30 கோடிக்கும் மேல் உள்ளன. அவற்றில் காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் பல இடங்களில் ஒரு மைக்ரானைக்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட, எட்டுவதில்லை. தோலில் ஒரு கட்டி வந்து வீங்கிச் சீழ் பிடித்தாலும் சில நாள் வலியோடு போய்விடும். அதே வீக்கம் காற்றுப்பைச் சுவரில் ஏற்பட்டு நீர் கசிந்தால், ஆக்சிஜன் இரத்தத்துக்குள் நுழைய வழியில்லாமல் போகிறது. கிருமியை அழிக்கும் முயற்சியே மூச்சை நிறுத்திவிடக்கூடிய இடம் அது.

அதனால்தான் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்து கிருமியையும் தூசியையும் விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் என்னை மிகவும் ஈர்க்கின்றன. நலமாக உள்ள ஒருவரின் நுரையீரலின் ஒரு பகுதியை உப்புநீரால் கழுவி, அந்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், தென்படும் செல்களில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டவை இவைதான். உருண்டையான பெரிய செல்கள். உள்ளே விழுங்கிய தூசியும் கரித்துகள்களும் புள்ளி புள்ளியாகத் தெரியும். புகைபிடிப்பவர்களிடம் அவை பழுப்பேறிக் கிடக்கும். கருவில் இருக்கும்போதே நுரையீரலுக்கு வந்துவிடும் முன்னோடிச் செல்களிலிருந்து, பிறந்த சில நாட்களுக்குள் இவை முதிர்ச்சி பெறுகின்றன. பிறகு பெரும்பாலும் இரத்தத்திலிருந்து புது வரவை எதிர்பாராமல், இருந்த இடத்திலேயே பெருகித் தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான படலத்தில் மிகுதியாவதை அகற்றுவதும் இவற்றின் அன்றாட வேலை. அந்த வேலை நின்றுபோனால் காற்றுப்பைகள் அந்தப் பொருளாலேயே நிரம்பி மூச்சுத்திணறல் உண்டாகும். அப்படி ஒரு அரிய நோயே இருக்கிறது. மூச்சோடு வரும் தூசிக்கெல்லாம் இவை கூச்சலிடுவதில்லை. ஓசையின்றி விழுங்கிச் செரித்துவிடுகின்றன. இந்த அடக்கத்தைப் பாதுகாப்பின் குறைபாடாகப் பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து.

இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ் உள்ளே நுழையும்போது நிலைமை மாறுகிறது. தொற்றுக்குள்ளான செல், தனக்குள் புகுந்த வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிடுகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து வைரஸ் பெருக முடியாதபடி தம்மை மாற்றிக்கொள்கின்றன. 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டென்மனும் இதைக் கண்டறிந்தார்கள். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிமுட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தபோது கிடைத்த திரவம், புதிய சவ்வுத் துண்டுகளை உயிருள்ள வைரஸிடமிருந்து காத்தது. காய்ச்சலின் தொடக்கத்தில் நாம் உணரும் உடல்வலியிலும் சோர்விலும் இந்த இன்டர்ஃபெரானுக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்த முதல் எச்சரிக்கை தவறினால் என்னவாகும் என்பதைக் கொரோனா காட்டியது. உயிருக்கு ஆபத்தான நிமோனியாவுக்குள்ளான 987 பேரைப் பரிசோதித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், 101 பேரின் இரத்தத்தில் அவர்களின் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. தொடக்கத்தில் தடையின்றிப் பெருகிய வைரஸைப் பின்னர் பெரும் அழற்சியோடு எதிர்கொள்ள நேர்ந்தால், சேதம் நுரையீரலுக்குத்தான். அதே ஆண்டு பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், எதிர்ப்பை அடக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இருக்கவில்லை. கூட்டுவதா குறைப்பதா என்று கேட்பதற்குமுன், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இடையில் டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற தூதுச் செல்கள் வைரஸின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கின்றன. அங்கே அந்த வைரஸுக்கென்றே பொருந்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகி நுரையீரலுக்கு வந்துசேர ஐந்து முதல் ஏழு நாள் ஆகிவிடும். அவை வைரஸை நேரடியாகத் தொடுவதில்லை. வைரஸுக்கு இடங்கொடுத்த நம் செல்களையே கொல்கின்றன. காற்றுப்பைச் சுவரின் ஒரு பகுதியை இழந்துதான் மீதியைக் காக்க முடிகிறது. இந்தப் போராட்டத்தில் மேக்ரோபேஜ்கள் குறைந்தும் செயல் குன்றியும் போவதால், அந்த இடைவெளியில் பாக்டீரியா நுழைந்துவிடுகிறது. 1918-ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்சாப் பெருந்தொற்றில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்காலத்து நுரையீரல் மாதிரிகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயங்கள் இருந்தன.

தொற்று நீங்கிய பிறகு டி செல்களில் ஒரு பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. அதே வகை வைரஸ் மறுபடி வந்தால், நாள்கணக்கில் காத்திராமல் இவை உடனே செயல்படும். ஆனால் 2003-இல் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களின் இரத்தத்தில் 17 ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவு டி செல்கள் காணப்பட்டிருக்க, எலிகளின் நுரையீரலில் தங்கியவையோ சில மாதங்களிலேயே குறைந்துவிடுகின்றன. இவ்வளவு மெல்லிய சுவரில் கொல்லும் செல்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பது உடலுக்கே ஆபத்தாகலாம். அந்தக் குறைவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றே நான் நினைக்கிறேன்.

கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை நன்றாக உருவாக்கினாலும், சுவாசப்பாதையில் தங்கும் செல்களை அவ்வளவாக உருவாக்குவதில்லை. மூக்கு வழியாகத் தரும் தடுப்பு மருந்துகள் முயல்வது இதற்காகத்தான். இந்தியாவில் கொரோனாவுக்கான அத்தகைய மருந்தான இன்கோவாக் 2022-இல் அனுமதி பெற்றது. அத்தகைய மருந்துகள் டி செல்களைச் சுவாசப்பாதையில் வரவழைப்பதோடு, திசுவுக்குக் கேடில்லாமல் எவ்வளவு காலம் அங்கே இருத்திவைக்கும் என்பதைத்தான் நான் இப்போது தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.