கட்டியில் கொஞ்சம் மிச்சம்

ஜூன் 3
எம்.ஆர்.ஐ. முடிவு கைக்கு வந்துவிட்டது. இடது செவி நரம்பில் 3.4 செ.மீ. கட்டி. வெஸ்டிபுலர் ஷ்வானோமாவாம். புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். இடது காது மந்தம், ஓயாத இரைச்சல், படியிறங்கும்போது தள்ளாட்டம் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம்.

ஜூன் 9
மூளை அறுவை நிபுணரைப் பார்த்தோம். சிறிய கட்டியென்றால் காமா கதிர் போதுமாம். அதுவும் கட்டியைக் கரைத்துவிடாது. வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். என்னுடையது மூளைத் தண்டையே அழுத்துவதால் அறுவைதான். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, சிறுமூளையை லேசாக ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். இடது காதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விடும்.

அதற்கு நான் கலங்கவில்லை. முகத்தை இயக்கும் நரம்பும் செவி நரம்பு வரும் அதே எலும்புத் துளை வழியாகத்தான் வருகிறது என்றதும்தான் வயிற்றைப் பிசைந்தது. கட்டி அழுத்தி அழுத்தி அதை நாடாபோல் தட்டையாக்கியிருக்குமாம். பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய படலமாகக் கட்டியை விட்டுவிடலாமா என்று டாக்டர் கேட்டார். மிச்சம் பின்னால் வளர்ந்தால் கதிர் வைத்துக்கொள்ளலாமாம். சரி என்றேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வழியெல்லாம், “இத்தனை செலவழித்து மிச்சம் வைப்பதா?” என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

ஜூன் 11
தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். முழுவதும் எடுப்பதா, மிச்சம் வைப்பதா என்பது நூறாண்டுச் சண்டை. இந்தக் கட்டிகளைப் பற்றி 1917இல் தனி நூலே எழுதிய அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங், கட்டியின் உறையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சுரண்டி எடுத்தார். ஆள் பிழைத்தால் போதும் என்ற காலம். அவரிடம் பயின்ற வால்ட்டர் டேண்டி 1920களில் உறையோடு முழுவதையும் எடுத்தார். குருவுக்குக் கோபம். டேண்டியின் முறையில் முக நரம்பு தப்புவது அரிது. பிறகு நுண்ணோக்கி வந்தது, நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் கருவியும் வந்தது. இப்போது வேண்டுமென்றே கொஞ்சம் விடுகிறார்கள். அண்ணன் டேண்டி கட்சி.

ஜூன் 20
அறுவை முடிந்தது. எழுத்து ஆடுகிறது.

ஜூன் 24
கட்டில் ஒருபக்கம் சாய்வதுபோலவே இருக்கிறது. வலப்பக்கச் சமநிலை உறுப்பு இனி இரண்டு பக்கத்து வேலையையும் பழகிக்கொள்ளுமாம். முகத்தில் கம்பிகளைச் செருகி, கட்டியைத் தொடும்போதெல்லாம் தசை துடிக்கிறதா என்று பார்த்தார்களாம். படலம் மிச்சம் இருக்கிறது. இடது கண் முயன்றால் மூடுகிறது. முகத் தசை எவ்வளவு செயலிழந்தது என்று சொல்லும் ஹவுஸ்–பிராக்மன் அளவில், ஆறில் மூன்றாம் நிலை. இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவிடுகிறார்கள். மூக்கில் தண்ணீர் வடிகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று நர்ஸ் வேளைதோறும் கேட்கிறார். மூளை நீர் கசிந்தால் அப்படித்தான் தெரியுமாம்.

ஜூலை 6
பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், “முழுவதும் எடுத்துவிட்டார்களா?” என்றுதான் கேட்கிறார்கள். வாய் கோணாமல் காபி குடிக்க முடிகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. முடிகிறது, ஓரத்தில் கொஞ்சம் சிந்தும்.

மறுபரிசோதனையில் மிச்சம் வளர்ந்தால் என்ன செய்வது என்று அண்ணன் இன்று டாக்டரிடம் கேட்டார். சிறியதுதானே, கதிர் வைத்துவிடலாம் என்றார் அவர். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!”