பேரிக்காய்ச் சாறு பொங்கிய நாட்கள்

ஜூலை 13, ஞாயிறு

கொடைக்கானல் சந்தையில் பேரிக்காய் மலிவு. அடிபட்ட காய்களாகப் பொறுக்கிக்கொண்டேன். அழுகல் இல்லாதவரை வினிகருக்கு அவையே போதும். துருவிப் பிழிந்து, சக்கையும் கொஞ்சம் சேர்த்து, 14 லிட்டர் தேறியது. 20 லிட்டர் கேனில் ஊற்றி ஈஸ்ட் கலந்தேன். மேலே 6 லிட்டர் காலியிடம். பழக்கூழ் நுரைக்கும் வேகத்துக்கு அது அவசியம்.

ஜூலை 14

காலையில் அசைவே இல்லை, ராத்திரி அவ்வளவு குளிர். கேனைக் கம்பளியில் சுற்றிச் சமையலறைக்கு மாற்றினேன். சாயங்காலம் குமிழ் விட ஆரம்பித்தது. படுக்கும் முன், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத அடைப்பானான சின்ன ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, விரல் தடிமனுள்ள ஹோஸை மாட்டி, மறுமுனையை வாளித் தண்ணீருக்குள் விட்டேன்.

ஜூலை 15

பொங்கிவிட்டது! 6 லிட்டர் இடத்தையும் நிரப்பிய நுரை, ஹோஸ் வழியே வாளியில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

ஒரு கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ கரியமில வாயு வரும். சமவெளியிலேயே அது 250 லிட்டருக்கு மேல். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 300 லிட்டரைத் தாண்டும். பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருள் குமிழ்களை உடையவிடாமல் பிடித்துக்கொள்ள, நுரை சக்கையையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. ஒல்லியான குழாயில் அந்தச் சக்கை அடைத்தால் மூடி கூரைக்குப் பறக்கும். கண்ணாடி ஜாடியானால் வெடிக்கவே செய்யும். பியர் காய்ச்சுகிறவர்களும் முதல் சில நாட்களுக்குத் தடிமனான குழாயைத்தான் நம்புகிறார்கள்.

பெருமாள்மலையிலிருந்து தங்கச்சி போன். அவளும் ஒரு ஜாடி போட்டிருக்கிறாள்.

“அண்ணே, நுரை மூடியத் தூக்குது. மேல கல்ல வச்சிரவா?”

“வச்சிராதம்மா! மூடிய உடனே தளர்த்து. தணிஞ்சதும் கால்வாசிய வேற பாத்திரத்துக்கு மாத்திரு.”

அடக்கினால் நின்றுவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. வாயுவை அடக்கவே கூடாது, வழிதான் விட வேண்டும்.

ஜூலை 16

அறையில் 18 டிகிரி, கேனுக்குள் 24. புளிக்கும்போது வரும் சூடு இது. கம்பளியை எடுத்துவிட்டு ஈரச் சாக்கைச் சுற்றினேன், வேகம் தணிந்தது. மிதக்கும் சக்கையைக் காலையும் மாலையும் சுத்தமான கரண்டியால் அமுக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேல்பகுதி காய்ந்து பூஞ்சை பிடிக்கும். குளிருக்குப் பயந்து நம் ஊரில் ஜன்னலை எல்லாம் அடைத்துவிடுவோம். கேன் இருக்கும் அறையில் மட்டும் அது வேண்டாம். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வாகத் தேங்கும்.

ஜூலை 18

விடியற்காலைக் குளிரில் கேனுக்குள் இருந்த வாயு சுருங்கி, வாளித் தண்ணீரை ஹோஸில் ஒரு சாண் மேலே இழுத்திருக்கிறது. கேன் ஸ்டூல் மேலேயும் வாளி தரையிலும் இருந்ததால் உள்ளே போகவில்லை. பொங்குவது நின்றதால் மறுபடி சின்ன ஏர்லாக்.

ஜூலை 23

குமிழ் இல்லை, நாக்கில் இனிப்பும் இல்லை. மண்டியைக் கலக்காமல் வடித்து, அகலவாய் ஜாடியில் போன வருட வினிகரோடு சேர்த்து, வாயை வேட்டித் துணியால் கட்டினேன். இனி இதை வினிகராக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். இந்தக் குளிரில் புளிப்பு ஏற நாளாகும். ஜாடி அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அடுத்த குறிப்பு ஆகஸ்டில்.